காலிக் கட்டம்

குறையா, குறை இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதுதான் தர்ஷிணியின் உத்தியோகம். கேட்பதற்கு நீதிபதி வேலை மாதிரி இருக்கும். உண்மையில், சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், ஏசி நேராக உச்சந்தலையில் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்து ஊர் உலகத்தின் புலம்பல்களையெல்லாம் படிக்கும் வேலை. 'நேற்று வரை ஒழுங்காக ஓடியது, இன்று ஓடவில்லை' என்று எழுதுவார்கள். பெரும்பாலும் அது நேற்றும் ஒழுங்காக ஓடியிருக்காது. இவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் நிறுவனம் விற்ற கருவிக்குக் களஞ்சி என்று பெயர். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி டேட்டாபேஸிடம் வேலை வாங்கும் சாதனம். ஊரே இயந்திரங்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற காலத்தில் இதை எவன் வாங்குவான் என்று வெளியாட்கள் கேலி செய்வதுண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கினார்கள். உயிர் சம்பந்தப்பட்ட எதையும் வாயால் சொல்லி ஏவக் கூடாது, ஒரு மனிதர் தன் விரலால் தட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. எங்கோ ஒருவர் அரைத்தூக்கத்தில் உளறியதைக் கட்டளை என்று நினைத்து ஓர் இயந்திரம் பக்கத்துப் படுக்கையின் மூச்சுக்குழாயை நிறுத்திவிட்டதாம். அதற்குப் பிறகு வந்த சட்டம்.

அன்று சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப் போகும் நேரத்தில் வந்த புகார் கோத்தகிரி நெடுந்துயில் மையத்தினுடையது. புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து நிறைவுப் பட்டியலில் ஒருவரும் வருவதில்லை. பழைய பதிப்பில் ஓட்டினால் பதினொரு பேர் வருகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் பழையபடி ஆக்கித் தரவும். இவ்வளவுதான் விஷயம்.

மையத்தின் பெயரைப் பார்த்ததுமே தர்ஷிணிக்குப் பசி போய்விட்டது.

மருந்து கண்டுபிடிக்காத நோய்க்காரர்களைக் குளிரில் உறங்கவைத்து, மருந்து வரும்வரை காத்திருக்கும் இடம் அது. வருடத்துக்கு ஒருமுறை, உறங்குகிறவர் முன்கூட்டியே பெயர் சொல்லிவிட்டுப் போன இரண்டு உறவினர்களைக் கூப்பிட்டு, தொடரலாமா என்று கேட்பார்கள். இருவரும் 'வேண்டும்' என்றால் தொடரும். ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் துயில் நிறைவு செய்யப்படும். நிறைவு என்பது அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் நாகரிகமான சொல்.

அவளுடைய தம்பி மிதுன் அங்கேதான் உறங்கினான். கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகச் செயல் இழந்துகொண்டு வந்த நோய். இரண்டு பெயர் கேட்டதற்கு மனைவி சஹானாவையும் அக்காவையும் சொல்லிவிட்டுப் படுத்தான். மூன்றாவது வருடம், 'உறவினரின் விருப்பப்படி துயில் நிறைவுபெற்றது, வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று மையத்திலிருந்து செய்தி வந்தது. தர்ஷிணி 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. அப்படியானால் சொன்னது யார்? இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்றுதான். மின்மயானத்தில் சஹானா ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் நின்றார்கள். மறுவருடம் சஹானா ஈரோட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகை வந்தது. தர்ஷிணி அதைப் பிரிக்கக்கூட இல்லை. தம்பியை வழியனுப்பிவிட்டு மாலை மாற்றிக்கொண்டவள் என்று உறவுக்காரர்களிடம் வாய்விட்டே சொன்னாள். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"நான்தான் மாத்தினேன் மேடம்" என்று பிரணவ் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான். புதிய பதிப்பில் பாதி அவன் கைவண்ணம். வயது முப்பதைத் தாண்டியும் பரீட்சை மார்க் கேட்க வந்தவன் மாதிரி நிற்கிற ஆள். "'வேண்டும்'னு இல்லாதவங்களை எல்லாம் எடுன்னு கேட்டா, பழைய வெர்ஷன் காலியா கிடக்கற கட்டத்தையும் சேத்து எடுத்துரும். காலின்னா 'இல்லை'ன்னா அர்த்தம்? தெரியலைன்னுதானுங்களே அர்த்தம். தெரியாததை எடுக்காதன்னு மாத்திட்டேன். கல்யாணத்துக்கு வர்றீங்களான்னு கேட்டு ஒருத்தர் பதில் சொல்லலைன்னா, அவரு வரலைன்னா சொன்னாரு?"

"சமையக்காரன் வரலைன்னுதான் வெச்சுக்குவான்."

"இது சாப்பாட்டு விஷயம் இல்லீங்களே மேடம்."

"மாத்தினதை அறிவிப்புல எழுதுனியா?"

"எழுதினனுங்க. 'காலிக் கட்டங்களைக் கையாளும் முறை சீராக்கப்பட்டது'ன்னு. ரெண்டாவது பக்கத்துல, கீழ."

"அதை யாரு படிச்சிருப்பா?"

பிரணவ் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

இந்த மாதிரி வழக்குகளில் தர்ஷிணி என்ன சொல்வாள் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். 'பத்து வருஷம் ஓடுன தப்பு தப்பில்லப்பா, பழக்கம்' என்பாள். ஜனங்கள் எதை நம்பி வேலை செய்கிறார்களோ அதைப் பிடுங்கக் கூடாது. கருவி தப்பாக நடந்தாலும், அந்தத் தப்பின் மேல் வீடு கட்டிவிட்டார்கள் என்றால் அப்படியே விட்டுவிட வேண்டும். இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ நல்ல திருத்தங்களைக் குறை என்று முத்திரை குத்தித் திருப்பியிருக்கிறாள். இதையும் அப்படித் திருப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். பதினொரு பேர் என்ற எண்தான் அவளை எழுந்திருக்க விடவில்லை.

நடப்புத் தகவலை மையத்துக்கு வெளியே எடுத்துவரச் சட்டம் விடாது என்பதால், சோதித்துப் பார்க்க ஒரு பழைய நகலை அனுப்பியிருந்தார்கள். பெயர்களை நீக்கிப் படுக்கை எண்களை மட்டும் விட்டிருந்தார்கள். நகல் எந்த வருடத்தது என்று பார்த்தாள். மிதுன் இறந்த வருடம்.

வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு வீம்பாகவோ என்னவோ, பழைய பதிப்பைத் திறந்து கட்டளையைத் தட்டினாள். எண்கள் வரிசையாக இறங்கின. நடுவில் கே-212 இருந்தது. மாதம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை மலையேறிப் போய், வருகையாளர் சீட்டில் தன் கையால் எழுதிய எண். அதைப் பார்த்து அவள் அதிரவில்லை. அது இருக்கும் என்று தெரியும்.

பிறகு அதே கட்டளையைப் புதிய பதிப்பில் தட்டினாள். ஓர் எண்கூட வரவில்லை.

புகாரில் சொன்னது அதுதானே என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. புதிய பதிப்பு காலிக் கட்டத்தைத்தான் விட்டுவிடும். 'வேண்டாம்' என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும் எடுக்கத்தான் செய்யும். ஒன்றுமே வரவில்லை என்றால்? நகல் முழுவதிலும், முந்தைய வருடங்களையும் சேர்த்து, 'வேண்டாம்' என்ற சொல்லைத் தேடச் சொன்னாள். எங்கும் இல்லை. ஒரு படுக்கை எண்ணுக்கு நேராகவும் இல்லை.

மையத்தில் தகவல் பதிவுக்குப் பொறுப்பாக இருந்தவள் பெனிட்டா. வீடியோவில் அழைத்ததும் கழுத்துவரை ஸ்வெட்டரும் கையில் ஒரு டம்ளர் டீயுமாக வந்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையா?" என்று தர்ஷிணி கேட்டாள்.

"யாருங்க மேடம் சொல்லுவாங்க? வாயில வருமுங்களா?" பெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தாள். "உசுரோட படுத்திருக்கற மனுசன். பெத்தவங்க, கட்டுனவங்க எப்படிங்க வேண்டாம்பாங்க? போன் போட்டா 'பாக்கலாமுங்க'ம்பாங்க. 'ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க'ம்பாங்க. மறுக்காவும் கூப்பிடுவோம். அதுக்கு மேல நச்சரிக்கறதில்லீங்க. எங்களுக்கே புரிஞ்சு போயிரும். காலியா உட்டுருவோம்."

"புரிஞ்சா 'வேண்டாம்'னு தட்ட வேண்டியதுதானே?"

"அவங்க சொல்லாததை நான் எப்படீங்க தட்டறது? அந்தப் பாவம் எனக்கெதுக்கு? காலியா உட்டா அதுவே பட்டியல்ல வந்துரும். நான் வேலைக்கு வந்தப்பவே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. டாக்டரு, குடும்பம் சொல்லிருச்சுன்னு நெனச்சுக் கையெழுத்துப் போடுவாரு. குடும்பம், டாக்டரு பாத்துத்தான் செஞ்சாருன்னு நெனச்சுக்கும். யாரு தலையிலயும் பாரம் இல்லீங்க மேடம்."

"காலியா கிடக்கறவங்க எல்லாருமே மனசுக்குள்ள வேண்டாம்னு நெனச்சவங்கதானா?"

பெனிட்டா வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "போனே எடுக்காதவங்களும் இருப்பாங்க" என்றாள், குரலை இறக்கி. "நம்பரு மாத்துனவங்க. வெளிநாட்டுல இருக்கறவங்க. நெசமாவே யோசிச்சுக்கிட்டு இருக்கறவங்க. எல்லாம் ஒரே காலிதானுங்களே. எது எதுன்னு நாங்க எங்க கண்டோம்?"

பேச்சு முடிந்ததும் தர்ஷிணி கே-212இன் வரியைத் திறந்தாள். திறக்காமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது? ஆனால் நான்கு வருடமாக ஒருத்தியைத் திட்டித் தீர்த்த வாய் அவளுடையது, பார்க்காமல் எப்படி?

மனைவி: வேண்டும். அக்கா என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

அந்த அழைப்புகள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. ஒன்று லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கும்போது வந்தது. இன்னொன்று தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது. 'யோசிச்சுச் சொல்றேங்க' என்றாள் இரண்டு முறையும். உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டும் என்றால், இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி புருஷன் இருந்தும் இல்லாமல் இன்னும் எத்தனை காலம் கிடப்பாள்? வேண்டாம் என்றால், கைப்பிடித்து நடக்கப் பழக்கிய தம்பியைத் தானே முடித்த மாதிரி ஆகாதா? எந்தப் பக்கமும் மனம் நகராமல் தள்ளிப் போட்டாள். யோசிக்க நேரம் இருக்கிறது என்றே நம்பினாள். பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகப் போய்ச் சேரும் என்று யார் கண்டது?

புதிய பதிப்பு அப்போதே வந்திருந்தால் மிதுன் இன்னும் உறங்கிக்கொண்டிருந்திருப்பான்.

"மேடம், நாலு மணி ஆகப் போகுதுங்க" என்றான் பிரணவ். "குறைன்னு முடிவு பண்ணீங்கன்னா பழைய மாதிரி மாத்திக் குடுக்க அரை மணி நேரம் போதும். ஆனா பதினொரு பேரும் பட்டியல்ல வந்துருவாங்க. குறை இல்ல, திருத்தம்தான்னு சொன்னீங்கன்னா அதுக்கு வேற வேலை இருக்குங்க. பழைய வெர்ஷன் தப்பான பதில் குடுத்துச்சுன்னு நம்மளே ஒத்துக்கற மாதிரி. ஒப்பந்தப்படி மையம் பின்னாடி போயி, காலியா இருந்து நிறைவு பண்ணுன ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்துல தெரிவிக்கணும். உங்க ஆளை யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னு."

"எல்லாக் குடும்பத்துக்குமா?"

"ரெண்டு உறவினருக்குமேங்க."

கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்னால் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தர்ஷிணி முடிவு செய்தாள். மன்னிப்புக் கேட்பது ஒன்றுதான் இனி செய்யக்கூடியது. படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு சஹானாவின் எண்ணை அழுத்தினாள். அது மாறியிருக்க வேண்டும் என்றுகூட உள்ளூர ஆசைப்பட்டாள். மாறவில்லை.

"அண்ணி?" பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்து அழுதுகொண்டிருந்தது. "யாருக்காவது உடம்பு சரியில்லீங்களா?"

"அதெல்லாம் இல்ல. நீ நல்லா இருக்கியா?"

"இருக்கனுங்க அண்ணி."

"மிதுன் விஷயமா ஒண்ணு சொல்லணும் சஹானா. அன்னைக்கு அந்த மையத்துல..."

"தெரியுமுங்க அண்ணி." சஹானா சட்டென்று குறுக்கிட்டாள். யாரிடமோ குழந்தையைக் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போவது கேட்டது. "நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் வருஷா வருஷம் வேணும்னுதான் சொன்னேன். அப்ப வேற யாரு?"

தர்ஷிணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மொதல்ல உங்க மேல அவ்வளவு ஆத்திரம். மயானத்துல உங்க மூஞ்சியக்கூடப் பாக்கலை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் புரிஞ்சுது. கூடப் பொறந்தவங்களுக்கு அந்த வார்த்தை வாயில வரணும்னா எப்படி வந்திருக்கும்? நான் அப்படியே காத்துக் கெடந்து வீணாப் போயிரக் கூடாதுன்னு, எங்கம்மாகூடச் சொல்லத் துணியாததை நீங்க சொல்லியிருக்கீங்க. நான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டதே அந்தத் தைரியத்துலதானுங்க. நீங்க வராட்டியும், நீங்கதான் அனுப்பி வெச்சீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "அவருக்கு நான் துரோகம் பண்ணிட்டனோன்னு தோணறப்பவெல்லாம், அவங்க அக்காவே சொன்னதுதானேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். இல்லைன்னா என்னால இருந்திருக்கவே முடியாதுங்க அண்ணி."

குழந்தையின் அழுகை அடங்கியிருந்தது. கீழே சாலையில் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"என்னமோ சொல்லணும்னீங்களே?"

தர்ஷிணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிடு என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் தன் பாரம் இறங்கும். அது அப்படியே ஈரோட்டுக்குப் போய் இன்னொருத்தியின் தலையில் ஏறும்.

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம சொல்லிட்டேன்."

"ஒரு நாள் ஊட்டுக்கு வாங்க அண்ணி. பாப்பாவைப் பாருங்க."

"வர்றேன்" என்றாள் தர்ஷிணி.

இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, எதைத் தட்டினால் எல்லாம் சுலபமாக முடியும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. குறை என்று ஒரு முத்திரை. பழையபடி ஆகிவிடும். யாருக்கும் கடிதம் போகாது. சஹானாவுக்கு எதுவும் தெரியவராது. அவள் இத்தனை நாள் பேசிவந்த நியாயமும் அதைத்தான் சொல்லும். கோத்தகிரியில் பதினொரு பேர் மட்டும், யாரோ ஓர் அக்கா சிக்னலில் நின்றுகொண்டு யோசித்துச் சொல்கிறேன் என்றதற்காக, இன்று மாலையோடு போய்விடுவார்கள்.

'குறை அல்ல' என்று தட்டினாள். 'பழைய நடத்தையே தவறு. பதில் வராததை மறுப்பாகக் கொள்ளக் கூடாது.'

பிரணவ் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, நம்ப முடியாமல், "பழக்கம்னு சொல்லுவீங்களேங்க மேடம்?" என்றான்.

"சொல்லிக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள். அவன் புரிந்துகொண்டோ புரியாமலோ டீ வாங்கிவரப் போனான்.

மறுபடி பெனிட்டாவை அழைத்துத் தீர்ப்பைச் சொன்னாள். பெனிட்டாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப பதினொரு ஊட்டுக்கும் மறுபடி போன் போட்டு, ஆமாவா இல்லையான்னு வாயைத் தொறந்து சொல்லுங்கன்னு கேக்கணுமுங்களா?"

"கேக்கணும் பெனிட்டா. சொல்ற வரைக்கும் அவங்க இருப்பாங்க."

"சரிங்க மேடம்." டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. "பழைய குடும்பங்களுக்கும் இன்னைக்கே லெட்டர் தயார் பண்ணணுமுங்க. காலியா இருக்கறதை எல்லாம் எடுத்து..."

"கே-212" என்றாள் தர்ஷிணி. "அதுல அக்காங்கற கட்டம் காலியா இருக்கும். அந்த அக்கா நான்தான்."

பெனிட்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. "உங்க பதில் இன்னும் வரலைன்னுதான் கெடக்குதுங்க அக்கா" என்றாள், மேடத்தை விட்டுவிட்டு. "கடைசித் தேதின்னு நாங்க ஒண்ணு வெக்கவே இல்லை. இப்பச் சொன்னாலும் ஏறும். ஆனா இனி எதுக்குங்க? ஆள்தான் இல்லையேங்க."

"கேள்வியைக் கேளு பெனிட்டா."

"எனக்குக் கேக்க வரலீங்க அக்கா. தட்டவும் என்னால ஆகாது. உங்களுக்குத் தொறந்து உடறேன், நீங்களே தட்டிக்குங்க."

கறுப்புத் திரையில் கேள்வி வந்தது. 'கே-212. துயில் தொடர வேண்டுமா?' அதற்குக் கீழே ஒரு காலிக் கட்டம். உள்ளே ஒரு கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. வேண்டும் என்று தட்டத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அப்படித் தட்டினால் யார் என்ன செய்துவிட முடியும்? தம்பி திரும்பி வரமாட்டான் என்றாலும், ஒரு வரியிலாவது அவனை வேண்டும் என்று சொன்னவளாக இருந்துவிட்டுப் போகலாமே. ஆனால் அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று இருந்தால்தான் ஈரோட்டுக்குக் கடிதம் போகாது. எழுத்துகள் இரண்டு முறை பிழையாக விழுந்தன. அழித்து, நிதானமாக, 'வேண்டாம்' என்று தட்டி அனுப்பினாள்.

சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது பழகிப்போன கை. மையம் திறந்துவிட்ட அந்த ஒற்றை வரியின் மேல் பழைய பதிப்பில் கட்டளையை ஓட்டினாள். கே-212 வந்தது. புதிய பதிப்பில் ஓட்டினாள். கே-212 அதிலும் வந்தது.

பிரணவ் டீயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "ரெண்டு வெர்ஷனும் ஒரே பதில்தான் சொல்லுதுங்களா மேடம்?"

"ஆமாப்பா" என்றாள் தர்ஷிணி. "இப்ப ரெண்டும் ஒண்ணுதான் சொல்லுது."